குரும்பலூர் மனையும் மாடி வீடும்

நானும் என் கணவரும் பெரம்பலூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் லேபில் வேலை பார்க்கும் மருத்துவமனை நடக்கிற தூரம்தான். அவருக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். கல்யாணமான புதிதிலிருந்தே தபால் ஆபீஸில் வீட்டுக்கென்று மாதாமாதம் பணம் கட்டி வருகிறோம். எந்த வீடு, எங்கே என்று யாராவது கேட்டால் சிரித்துச் சமாளிப்போம்.

மாமியாரிடம் மட்டும் அது பலிக்காது. உடையார்பாளையத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் மகனிடம், "வாடகைங்கிறது கடல்ல கரைச்ச பெருங்காயம்டா" என்பார்.

போன ஐப்பசியில் அவரே கிளம்பி வந்துவிட்டார், கையோடு ஒரு மனையை முடித்துவிடலாம் என்று. ஞாயிற்றுக்கிழமை மனை விற்பவர்கள் வேன் அனுப்பினார்கள். குரும்பலூருக்கு அப்பால் கரிசல் காடு. முதல் நாள் மழையில் ஊறிக் கிடந்தது. இறங்கி நாலடி வைப்பதற்குள் மாமியாரின் செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மனையைச் சுற்றி வந்தார்.

"மண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"கொஞ்ச நாள்ல இங்கயே பஸ் வந்துரும் மேடம்" என்று வேனில் கூட வந்த மனைக்காரர் என்னிடம் சொன்னார்.

"இப்ப எங்கங்க நிக்குது?"

தூரத்தில் தெரிந்த ஒரு புளியமரத்தைக் காட்டினார். நைட் டூட்டி முடித்து அங்கிருந்து நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்த கணவர், "யோசிச்சு சொல்றோங்க" என்றார். மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. வேனில் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை.

மறுநாளே ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். மழை விடவில்லை. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். அவர் கணவர் துபாயில். மாமியாரும் அவரும் சேர்ந்து காய் வாங்கப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள், சாயங்காலம் சீரியல் பார்த்தார்கள். மதியம் நான் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டுத் திரும்புவதை மாமியார் தினமும் பார்த்தார். "இந்தக் குடுப்பினை எனக்கு இல்லாமப் போச்சே. வரப்புலயே தின்னு பொழுது போயிருச்சு" என்று சிரித்தார்.

மழை விட்டு அவர் பையைக் கட்டியபோது கணவர் கேட்டார்: "அந்த மனைக்காரரு திரும்பப் போன் பண்ணாரும்மா. என்ன சொல்ல?"

"வேணாம்னு சொல்லு. அம்புட்டு தூரத்துல வூட்டக் கட்டிப்புட்டு இவ எப்படி மதியம் சோத்துக்கு வருவா? பக்கத்துல அமைஞ்சா பாக்கலாம். கட்டுற காச மட்டும் நிறுத்திப்புடாதீங்க."

நிறுத்தவில்லை. பக்கத்தில் இதுவரை எதுவும் அமையவும் இல்லை. அதனால் எங்கள் தூக்கம் ஒன்றும் கெடவில்லை.

இப்போதெல்லாம் மாமியார் அடிக்கடி வருகிறார். இந்த முறை பையை மாடிக்குக்கூட ஏற்றவில்லை. கொண்டு வந்த முந்திரியைக் கீழ் வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்துவிட்டார். நான் மேலே போய் எல்லோருக்கும் டீ போட்டேன்.