கோழித் தட்டில் மயில்

எங்கள் ஊரில் என்னை 'மயில் முடுக்கற அம்மா' என்று சொல்வார்கள். முடுக்குவது என்றால் எங்கள் பக்கத்தில் விரட்டுவது. அதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. முடுக்கினேன், இன்னமும் முடுக்குகிறேன்.

சோமனூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது எங்கள் வீடு. பக்கவாட்டில் தறிக்கூடம், பின்னால் கொஞ்சம் காலி இடம். கல்யாணமாகி வந்ததிலிருந்து தறிக்கூடத்தில் தார் சுற்றுவதுதான், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவதுதான் என் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், இனித் தறிக்கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் கூடிப் பேசி, நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து மகன் போனில், "நீங்க டிவி பாத்துட்டு ரெஸ்ட் எடுங்கம்மா" என்றான். அந்த வாரமே சந்தைக்குப் போய் ஒரு சேவலும் நாலைந்து பெட்டைகளும் வாங்கி வந்தேன்.

அவை பெருகின. அடை வைத்தேன், குஞ்சு பொரித்தது, பருந்துக்குப் பயந்து குஞ்சுகளைக் கொடாப்பில் கவிழ்த்து வைத்தேன். கொடாப்பு என்பது மூங்கிலில் பின்னிய பெரிய கூடை, கவிழ்த்தால் தாயும் குஞ்சும் உள்ளே அடங்கும். பருந்து, காக்காய் எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். மயிலை எதிர்பார்க்கவில்லை.

முதலில் ஒரு பெண்மயில் வந்தது. அழகாக இருக்கிறதே என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கூட்டமாக வர ஆரம்பித்தன. காலையில் நான் தீவனத்தைத் தட்டில் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மதில்மேலிருந்து குதிக்கும். கோழிகள் ஓரமாக ஒதுங்கி நிற்கும். எதற்கும் அஞ்சாத என் சேவலை ஒரு ஆண்மயில் கொத்திக் கொத்தியே வேலி ஓரத்துக்குத் தள்ளியது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவேன். மதில்மேல் ஏறி நின்று என்னைப் பார்க்கும். நான் உள்ளே போனதும் மறுபடியும் இறங்கும்.

தகரத்தைத் தட்டினேன். பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். என் கணவரின் சட்டையை மாட்டி ஒரு பொம்மை நட்டேன். இரண்டே நாளில் அதன் தோளில் மயில் உட்கார்ந்திருந்தது.

இதற்கெல்லாம் காரணம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே புது வீடு கட்டிக் குடிவந்தவர் கோயம்புத்தூரில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்தபிறகு தனியாக இருந்தார். தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, ஒரு தட்டு அரிசியை எங்கள் மதிலோரம் இறைப்பார். மயில்கள் வந்து தின்னும். அவர் போனில் படம் எடுப்பார். அவர் தட்டு காலியானதும் மயில்களுக்கு அடுத்த தட்டு என்னுடையது.

அதற்கு நடுவில் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்தது. இறக்கை தொங்கி, கண் மூடி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசு. வீட்டில் நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "மயிலாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஆனா காட்டுப் பறவையும் உங்க கோழியும் ஒரே தட்டுல திங்கக் கூடாது, ஒரே தண்ணியக் குடிக்கக் கூடாது. அத நிறுத்துங்க, மத்ததுக்கு நான் தடுப்பூசி போடறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மதிலோரம் போய் நின்றேன்.

"ஏனுங்க சார், ஒரு சேதி பேசோணும்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அரிசியை அவர் வீட்டு முன்பக்கமாகப் போடுங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "மயிலுங்கம்மா. முருகனோட வாகனம். உங்க கோழி நாளைக்குக் குழம்புக்குப் போறது. ரெண்டையும் ஒண்ணாப் பேசறீங்களே?"

"நானும் சென்னிமலைக்குப் படியேறிப் போறவதானுங்க. கோயில்ல மயிலப் பார்த்தா நானுந்தான் கும்பிடறேன். அதுக்காவ எங் கோழித் தட்டுல வந்து பேளச் சொன்னாருங்களா முருகன்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகமாக அரிசி இறைந்து கிடந்தது.

நான் பேசிய பேச்சு ஊருக்குள் போய்விட்டது. கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனால் பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். என் நாத்தனார் வந்து, "அண்ணி, சாமிகிட்ட வெளையாடாதீங்க, தறி ஓடற ஊடு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஊர்ப்பேச்சு அவருக்கு ஆகாது.

"அம்மணி, பேசாம கோழிய வித்துப்போடலாமா?" என்றார் சாப்பிடும்போது.

"நீங்க தறிய வித்துப்போடுங்க. அடுத்த நாளே நான் கோழிய வித்துப்போடறேன்."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் கடைக்குப் போய் நைலான் வலை வாங்கி வந்தேன். மெல்லிய வலை, தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மூங்கில் நட்டு, கோழிகள் மேயும் இடம் முழுக்க மேலே இழுத்துக் கட்டினேன். அண்ணாந்து கட்டிக் கட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. சில நாட்கள் ஒரு மயிலும் இறங்கவில்லை. கோழிகள் நிம்மதியாகத் தின்றன. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒருநாள் காலை சமையலறையில் இருந்தேன். பின்னால் பெரிய அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த ஆண்மயில் வலையில் விழுந்து கிடந்தது. கால், இறக்கை, நீளத் தோகை எல்லாம் வலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. உதற உதற இன்னும் இறுகியது. கோழிகள் மூலைக்கு மூலை சிதறின.

மதில்மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. கையில் போன். "கொன்னுபோட்டீங்களேம்மா! கொன்னுபோட்டீங்களே!" என்று கத்திக்கொண்டே படம் எடுத்தார்.

அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபம், மயில்மேல்கூட அதுவரை வந்ததில்லை.

"படம் புடிக்கறத நிறுத்திப்போட்டு மதிலச் சுத்தி இக்கட்டால வாங்க சார்! ஒருத்தியா என்னால முடியாது!"

உள்ளே ஓடி, கட்டிலில் கிடந்த சென்னிமலைப் பெட்ஷீட்டையும் நூல் வெட்டும் கத்தரியையும் எடுத்து வந்தேன். கோழியின் கண்ணை மூடினால் அடங்கிவிடும், மயிலும் அடங்கும் என்று நினைத்து அதன் தலைமேல் பெட்ஷீட்டைப் போட்டேன். கொஞ்சம் அடங்கியது. கால்பக்கம் போனபோது ஒரு உதை விட்டது. முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழிந்து ரத்தம் வந்தது.

அவர் எங்கள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. தினமும் அரிசி போட்டவர், மயிலை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. தள்ளியே நின்றார்.

"பயமா இருக்குதுங்கம்மா" என்றார்.

"எனக்குந்தான் பயமா இருக்குது. மேல அழுத்தாம பெட்ஷீட்டப் புடிங்க."

பிடித்தார். நான் கண்ணி கண்ணியாக வலையை வெட்டினேன். அரும்பாடு பட்டுக் கட்டிய வலை. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை வெட்டித் தள்ளினேன். தோகையில் ஒரு இறகுகூட முறியக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. ஆனாலும் சில முறிந்தன. கடைசிக் கண்ணி அறுந்ததும் இருவரும் பெட்ஷீட்டை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தோம். மயில் எழுந்து நின்றது, நொண்டியபடி நாலு எட்டு வைத்தது. பிறகு மதிலைத் தாண்டிப் பறந்து, அவர் வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது.

அவர் வந்த வழியே வீட்டுக்குப் போனார். ஆனால் என் பக்கம் வருவதற்கு முன்னாலேயே அந்தப் படத்தை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டிருந்தார். அதில் மயில் துடிப்பது மட்டும்தான் இருந்தது. மறுநாள் வனத்துறையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். என் கணவருக்கு வேர்த்துவிட்டது. "நீ உள்ள போ, நான் பேசிக்கறேன்" என்றார். நான் போகவில்லை.

வலையை நான்தான் கட்டினேன், அறுத்ததும் நான்தான் என்று வனக்காவலரிடம் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தம்மாதான் காப்பாத்துனாங்க. நான் சும்மா துணி புடிச்சேன்" என்றார். அதை அவர் சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொன்னார் என்பதை எழுதிவிடுகிறேன்.

"மயிலுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா கேஸ் ஆயிருக்குமுங்கம்மா" என்றார் வனக்காவலர். "மெல்லிசு வலை கட்டவே கட்டாதீங்க."

"சரிங்க, கட்டல. மயிலுக்குச் சட்டம் இருக்குது. எங் கோழிக்கு ஒண்ணுமில்லீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லீங்களேம்மா."

"அப்ப அதுகளுக்கு நாந்தானுங்க. எதப் போட்டா மயிலு மாட்டாது, அத மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க."

கெட்டியான கம்பி வலை, தொய்வில்லாமல், சின்னக் கண்ணியாக இருக்க வேண்டும் என்றார். மேலே கூரை வேண்டும், தீவனமும் தண்ணீரும் உள்ளேயே இருக்க வேண்டும், வெளியே ஒரு மணி சிந்தக் கூடாது. அதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பைக்கை எடுத்தார்.

தறிக்கூடத்துக்குப் பின்னால் ஓடாத தறி ஒன்று பிரித்துப் போட்டுக் கிடந்தது. தறி ரிப்பேர் பார்க்க வந்த ஃபிட்டரிடம் சொல்லி, அதன் இரும்புகளை வெல்டிங் வைத்துக் கோழிக்கூண்டுக்குச் சட்டம் அடிக்கச் சொன்னேன். வெளியே போயிருந்த என் கணவர் வந்து பார்த்துத் திகைத்துப் போனார்.

"பழைய இரும்புக் கடைக்குப் போடலாம்னு வெச்சிருந்தேனே!"

"இனிமே போவாதுங்க."

சுற்றிலும் கம்பி வலை, மேலே தகரக் கூரை. கோழிகள் முதலில் முறைத்துக்கொண்டு முட்டை வைக்காமல் இருந்தன. எனக்குக் கூட, அவற்றை அடைத்துவிட்டோமே என்று கஷ்டமாகத்தான் இருந்தது. பொழுதோடு, வெயில் தாழ்ந்ததும் கொஞ்ச நேரம், தட்டு எதுவும் வெளியே இல்லாமல், நான் கம்போடு காவல் நிற்கத் திறந்துவிட்டேன். மெல்லப் பழகிக்கொண்டன. தடுப்பூசியும் போட்டாயிற்று. அதன்பிறகு கழிச்சல் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மயிலுக்கு அரிசி போடுவதை நிறுத்தவில்லை. வீட்டு முன்பக்கமாகப் போடுகிறார், அவ்வளவுதான். நானும் நன்றி சொல்லவில்லை. எதிரில் பார்த்தால் "ஏனுங்கம்மா, சௌக்கியங்களா" என்பார். "சௌக்கியமுங்க" என்பேன். ஊரில் இன்னும் சிலர் முருகனின் கோபத்தைப் பற்றி எனக்குச் சொல்கிறார்கள். கிருத்திகை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். அவர் என்னிடம் கோபமாக இருப்பதுபோல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மைனாக்கள். கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளியைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்துவிடுகின்றன. இன்று காலை ஏணி போட்டு ஏறி, வலைத்துண்டை வைத்து அதை அடைத்துக்கொண்டிருந்தேன். கீழே என் கணவர் வந்து நின்றார்.

"அம்மணி, உழுந்துபோடுவ. மொதல்ல எறங்கு. ஃபிட்டரக் கூப்பிட்டுக்கலாம்."

"வாரேனுங்க" என்றேன். "அந்தக் கட்டுக்கம்பிய மட்டும் எடுத்துக் குடுங்க."