ஒரிஜினல் எஞ்சின்காரன்

எஞ்சினை மாற்றிய பழைய காரைக் கார் என்றே நான் மதித்ததில்லை. இதை ராஜபாளையத்தில் கேட்காத காது கிடையாது. அடுத்த தெருவில் நூல் வியாபாரி ஒருவர், தன் அப்பாவின் காரில் டீசல் எஞ்சின் போட்டு ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். "உங்க அப்பா போட்டோவுல தலைய மட்டும் வெட்டிட்டு வேற ஆள் தலைய ஒட்டுவீங்களா?" என்று கேட்டு அனுப்பிவைத்தேன். பாவம், அவர் பிறகு என் தெருப் பக்கமே வண்டியைக் கொண்டுவரவில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

என் அப்பாவின் காரோ இருபது வருடமாக ஷெட்டில் கிடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே அதில் கை வைத்தேன். மதுரையில் பழைய கார் கண்காட்சி நடக்கும். அதை நடத்துகிறவர்களின் வாட்ஸப் குழுவில் நானும் ஒருவன். பிறந்த எஞ்சினோடு இருக்கும் வண்டிகளுக்கு அங்கே தனி வரிசை. அந்த வரிசையில் அப்பாவின் காரை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே வெறி.

மெக்கானிக் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வாய் திறக்கவே யோசிக்கிற மனிதர். எஞ்சின் உள்ளே முழுக்கத் தேய்ந்துவிட்டது, நல்ல வேன் எஞ்சின் ஒன்று இருக்கிறது, போட்டுவிடலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டார். அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். எஞ்சின்தான் வண்டியின் உயிர், அதை இருந்த இடத்தைவிட்டு எடுப்பது பாவம் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு ஏழு மாதம் அந்தக் கிழட்டு எஞ்சினோடு மல்லுக்கட்டினார்.

கண்காட்சி விண்ணப்பத்தோடு எஞ்சின் நம்பரின் பென்சில் அச்சு வேண்டும். நம்பர் மேல் தாளை வைத்து மெக்கானிக் பென்சிலால் தேய்த்தார். பிறகு ஆர்சி புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். நான்காவது தாளும் ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் எழுதியவன் தூங்கிக்கொண்டே எழுதியிருப்பான் என்று யாரோ முகம் தெரியாத ஒருவரைத் திட்டித் தீர்த்தேன்.

மெக்கானிக் நான் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "அண்ணாச்சி, இதே மாதிரி எஞ்சின் ஒண்ணு ஒங்க அக்கா தோட்டத்துல தண்ணி எறைக்குது. வருசா வருசம் நாந்தான் பாக்கேன். அதையும் ஒரு தடவ தேய்ச்சுப் பாத்துருவமா?"

அக்காவின் தென்னந்தோப்பு வத்திராயிருப்பில். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வழியில் அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்பது தோட்டத்து வாசலில்தான் ஞாபகம் வந்தது. எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கோடு ஒரு லோடு ஆட்டோவையும் பின்னாலேயே வரச் சொல்லியிருந்தேன். அவ்வளவு நம்பிக்கை.

பம்புசெட் அறையில் மெக்கானிக் ஒரே தேய்ப்புத்தான் தேய்த்தார். ஆர்சி புத்தகத்திலிருந்து ஒரு எண்கூடப் பிசகவில்லை. பொங்கல் லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் ஆட்டம் போட்டிருக்கிறேன். இறைத்துக் கொடுத்தது எது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அக்காதான் கதையைச் சொன்னாள். நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது இதே இடத்தில் அப்பா போட்டிருந்த நெல் கருகியது. கரண்டுக்கு எழுதிப்போட்டும் வரவில்லை. அப்பா கார் எஞ்சினைக் கழற்றி, மாட்டு வண்டியில் ஏற்றிவந்து, சிமெண்டு மேடை கட்டி இறுக்கிவிட்டார். உடைக்கப் போட்டிருந்த ஒரு வாடகைக் காரிலிருந்து வேறு எஞ்சினை வாங்கிக் காருக்குப் போட்டார். கரண்டு வந்த பிறகும் இது நிற்கவில்லை. கரண்டு மோட்டார் மக்கர் செய்யும் நாளில் இன்றும் இதுதான் தண்ணீர் விடுகிறது.

புது டீசல் எஞ்சினே வாங்கித் தருகிறேன், இது என் காரின் ஒரிஜினல், இதைக் கொடுத்துவிடு என்றேன். வண்டியின் உயிர், இடம் மாற்றுவது பாவம் என்று மெக்கானிக்குக்கு எடுத்த வகுப்பை அவளுக்கும் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் வரிசையாக நின்றன. கரண்டு மோட்டார் எரிந்து, காயில் கட்டப் போயிருந்தது; கன்றுகளுக்கு இந்த எஞ்சின்தான் தண்ணீர்.

"ஏலே, இது காருல கெடந்தது ஆறு வருசம். இங்க கெடக்கது நாப்பத்தாறு வருசம். எடம் மாத்துறது பாவம்னு நீதான சொல்லுத? அப்ப இதுக்கு எடம் எதுலே?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்திருந்தால்கூட ஏதாவது திட்டியிருப்பேன். லோடு ஆட்டோக்காரருக்கு வாடகையைக் கொடுத்து வெறும் வண்டியாக அனுப்பினேன்.

கண்காட்சி வாட்ஸப் குழுவில் அன்றே எழுதினேன்: எங்கள் காரில் இருப்பது மாற்றிய எஞ்சின், தனி வரிசைக்கு வராது. ஆறுதலாக ஒருவராவது நாலு வார்த்தை போடுவார் என்று இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எஞ்சின் மாற்றியவனோடு குழுவில் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியதே நான்தான்.