கல்மரத்து நிழல்

ஆளே போகாத இடமா காட்டுங்கன்னு கேட்டீங்க, காட்டறேன், அதான் என் பொழப்பே. ஆனா கல்மரத்தப் பத்திக் கேட்டுட்டீங்க பாருங்க, அதனால மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குப் பேயி, பிசாசு, காத்து, கருப்பு, மந்திரிச்ச கயிறு எதுவும் கிடையாது. எங்க மாமியாரு செத்த மறுநாளே அவங்க கட்டில்ல படுத்துத் தூங்குனவ நானு. சொந்தக்காரங்க எல்லாம் வாயப் பொளந்துக்கினு பார்த்தாங்க. உசுரோட இருந்தப்பவே அந்தம்மாவுக்கு நான் பயப்படல, செத்த பெறவா பயப்படப் போறேன்னு கேட்டேன். அந்த மாதிரி ஆளு. இப்ப நான் சொல்லப் போறதக் கேட்டு நீங்க சிரிப்பீங்க, சிரிங்க, எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல. நடந்தது நடந்ததுதான்.

திண்டிவனத்துல எந்த வண்டிக்காரன வேணா கேளுங்க, செஞ்சிக் கோட்டை, பாண்டி பீச்சு, மயிலம் கோயிலு, அதத் தாண்டி வாயில வராது. நான் அப்டி இல்ல. மண்டகப்பட்டுல ஒத்தப் பாறையக் கொடஞ்சு ராஜா காலத்துல செஞ்ச கோயிலு இருக்குது, ஜனம் பஸ்ஸுல அதத் தாண்டிப் போய்க்கினே இருக்குது. கழுவெளி ஏரிக்குத் தை மாசம் போனீங்கன்னா தண்ணி தெரியாது, பறவைதான் தெரியும். ஆலம்பரைல பாதிக் கோட்டையக் கடலு தின்னுட்டு மீதியப் பார்த்துக்கினு நிக்குது. திருநாதர்குன்றுல பாறை மேல ஜைன தீர்த்தங்கரருங்கள வரிசையா செதுக்கி வெச்சிருக்காங்க, அங்க ஆடு மேய்க்கறவரு ஒருத்தரு தவிர ஈ காக்கா இருக்காது. இதெல்லாம் நான்தான் மொத மொத ஆளுங்கள வண்டி வெச்சுக் கூட்டிக்கினு போனேன். என் தம்பி சேகர் வண்டி ஓட்டுவான், நான் முன்னாடி உக்காந்து பேசிக்கினு வருவேன். அமுதாக்கா வண்டின்னா இப்ப எல்லாருக்கும் தெரியும்.

திருவக்கரையும் அப்டித்தான். அங்க காளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமின்னா கூட்டம் நெரியும், அந்தக் கூட்டத்துல பாதிப் பேருக்கு பக்கத்துலயே கல்லாப் போன மரமெல்லாம் கெடக்குதுன்னு தெரியாது. மரம்தாங்க. பட்டை தெரியும், வளையம் தெரியும், கெள ஒடிஞ்ச எடத்துல முடிச்சு தெரியும், தட்டினா டங்குன்னு கல்லு. கோடி வருஷத்துக்கு முன்னால வெள்ளத்துல வந்து பொதஞ்சுதுன்னு படிச்சவங்க சொல்றாங்க, ஊருல கேட்டா அம்மன் கொன்ன அசுரனோட எலும்புன்னுவாங்க. ரெண்டுல எது புடிக்குதோ அத நம்பிக்குங்க, வண்டி வாடகை ஒண்ணுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க தெருவுல பத்மாவதி அம்மான்னு ஒருத்தவங்க, நயினார் வீடு, ஜைனருங்க. பரம்பரையா இந்த ஊரு மண்ணுதான், நம்மள மாதிரிதான் பேசுவாங்க, ஆனா பொழுது சாஞ்சா சாப்பாட்டத் தொட மாட்டாங்க, எறும்பக்கூட மிதிக்காம பார்த்து நடப்பாங்க. அவங்க மருமவ சுமதி. கல்யாணமாயி ரொம்ப வருஷம் கொழந்த இல்ல, ரெண்டு தடவ தங்கிக் கலஞ்சு போச்சு, பார்க்காத டாக்டரு இல்ல. இந்தத் தடவ ஏழு மாசம் தாண்டிடுச்சு. வீடே மூச்சப் புடிச்சுக்கினு இருந்துது.

அந்தப் பொண்ணு ஒரு விரதம் எடுத்திருந்துது. கொழந்த பொறக்கற வரைக்கும் தனக்காக ஒரு பச்சை இலையக்கூட யாரும் கிள்ளக் கூடாது, வெட்டக் கூடாது. செடிக்கும் உசுரு இருக்குது இல்லக்கா, ஒரு உசுரக் குடுன்னு வேண்டிக்கினு இன்னொரு உசுர எப்டி எடுக்கறதுன்னு எங்கிட்டயே கேட்டுது. வளைகாப்புக்குக்கூட துணிப் பூதான் வெச்சுக்கினுது. கீரை தின்னாம ரத்தம் எங்கேருந்துடி ஊறும்னு நான் நல்லா திட்டினேன். சிரிச்சுக்கினே இருந்துதே தவிர விரதத்த விடல.

சித்திரை கடைசி. காலையில மேல்சித்தாமூர் ஜைனக் கோயிலுக்கு மாமியார், மருமவ ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போனோம். திரும்பறப்ப சுமதி, அக்கா, கல்மரம் கல்மரம்னு சொல்லுவீங்களே, இன்னிக்கே காட்டிடுங்கக்கா, கொழந்த பொறந்துட்டா நான் எங்க வெளிய வரப் போறேன்னுது. மாமியாரு வெயிலாச்சேன்னு இழுத்தாங்க. ஏசி வண்டிதானேம்மா, எறங்கி ஒரு நிமிஷம் பார்த்துட்டு ஏறிக்கலாம்னேன். வேலி போட்ட பூங்காவுல இருக்கறத எல்லாரும் பார்ப்பாங்க. அதுக்கு வெளிய, ஓடை ஓரமா ஒரு கல்மரம் பாதி பொதஞ்சு கெடக்குது, அது நான் மட்டும் காட்டற எடம். சேகர் அங்க வண்டிய வுட்டான்.

ஓடை மணல்ல சக்கரம் எறங்கிடுச்சு. அவன் ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க வண்டி வயித்தோட மண்ணுல உக்காந்துடுச்சு. சரி, நான் மண்ணத் தோண்டறேன், நீங்க போயி கல்லப் பார்த்துட்டு வாங்கன்னான். கிட்டதான். நடந்தோம். கல்லுகிட்ட போனதும் சுமதி அது மேல கைய வெச்சு, ஐயோ, மரமேதான்க்கான்னு சந்தோஷமா சொல்லுச்சு, சொன்ன வாயி மூடல, கண்ணு செருகி அப்டியே சரிஞ்சுடுச்சு.

உச்சி வெயிலுங்க. ஆளாளுக்கு நடுராத்திரி, சுடுகாடுன்னு கத வுடுவாங்க, எனக்கு நடந்தது நட்ட நடுப் பகல்ல. சுத்திப் பார்த்தா செம்மண்ணும் கூழாங்கல்லும்தான். சீமைக்கருவேலத்தக்கூட கரி போடறதுக்கு ஒட்ட வெட்டிட்டுப் போயிருந்தாங்க. வண்டிக்குள்ள படுக்க வெக்கலாம்னா, சேகர் மிதிச்ச மிதியில இன்ஜின் சூடாயி ஏசி நின்னு அது அடுப்பாட்டம் கொதிக்குது, அடியில படுக்க வெக்கலாம்னா எடமே இல்ல. இருந்த தண்ணியக் குடுத்தோம், அப்டியே வாந்தி எடுத்துடுச்சு. ஒடம்பு கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. வயித்தப் புடிச்சுக்கினு, அத்தை, இழுக்குது அத்தைன்னு அனத்துது. போன்ல டவரு இல்ல.

அங்க பச்சையா இருந்தது ஒண்ணே ஒண்ணு, கல்மரத்த ஒட்டி இடுப்பு உசரத்துக்கு ஒரு நுணாச் செடி. நான் போட்ட கூச்சல்ல சேகர் ஓடியாந்தான், கையில எளநி சீவற கத்தி. இத வெட்டி நாலு குச்சி மேல பரப்பிட்டா தலைக்காவது நெழலு கெடைக்கும்னான். கண்ணே தொறக்காம கெடந்த பொண்ணு, வேணாம்ணா, வெட்டாதீங்கன்னுது.

எனக்கு வந்துதே கோவம். ஏண்டி, நீ செத்தா விரதம் எதுக்குடி, புள்ள செத்தா விரதம் எதுக்குடின்னு கத்தினேன். பத்மாவதி அம்மா, பொறந்ததுலேருந்து ஒரு கொசுவக்கூட அடிக்காத அம்மா, வெட்டுப்பா, பாவம் எனக்கு வரட்டும், ஏழு ஜென்மத்துக்கும் நான் அனுபவிச்சுக்கறேன், நீ வெட்டுன்னாங்க. சுமதி உருண்டு போயி அந்தச் செடியோட அடித்தண்டக் கையில புடிச்சுக்கினுது. வெட்டறதுன்னா கையத்தான் வெட்டணும். எனக்காக வேணாம் அத்தை, கொழந்தைக்காக வேணாம்னு அழுவுது. சேகர் கத்தியத் தூக்கி எறிஞ்சுட்டு, எக்கேடோ கெட்டுப் போங்கன்னு அழுதுக்கினே ரோட்டப் பார்த்து ஓடுனான், எவனாச்சும் டிராக்டர் வெச்சிருக்கறவனக் கூட்டியாறேன்னு.

பத்மாவதி அம்மா அவங்க முந்தானைய விரிச்சு மேல புடிச்சாங்க, நான் இன்னொரு முனையப் புடிச்சேன். மெல்லிசு நூல் பொடவை, வெயிலு அத மதிக்கவே இல்ல. சுமதி அனத்தறதும் நின்னு போச்சு. நான் அந்தம்மா மொகத்தப் பார்க்கல, பார்த்தா அழுதுடுவேன்னு தெரியும். மூணாவதும் போச்சுன்னுதான் அவங்களும் நெனச்சிருப்பாங்க.

அப்பதாங்க. என் பிடரியில எரிஞ்சுக்கினு இருந்தது சட்டுன்னு நின்னுது. மேகம் வந்துடுச்சு, சாமி காப்பாத்திட்டாருன்னு அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்ல. சூரியன் அங்கியேதான் இருக்குது, கண்ணு கூசுது. கீழ பார்த்தேன். தரையில நெழலு.

மேகத்து நெழலு இல்லீங்க, இலை நெழலு. பொட்டுப் பொட்டா வெளிச்சம், நடுவுல நெழலு, அது ஆடுது. காத்து கெடையாது, ஒரு சத்தம் கெடையாது, ஆனா ஆடுது. நல்லா பெருசா, கல்யாணப் பந்தி போடற அளவுக்கு, அந்தக் கல்லு நடுவுல இருக்க, சுத்தி வட்டமா. மர அறுப்பு மில்லுல புதுசா அறுத்துப் போட்ட பலகைக்கு ஒரு வாசன இருக்குமே, அந்த வாசன. நம்பினா நம்புங்க, நான் எழுந்து போயி அந்த வட்டத்துக்கு வெளிய கால வெச்சேன், சுட்டுது. உள்ள வெச்சேன், ஜில்லுன்னு இருந்துது. மறுபடியும் வெச்சுப் பார்த்தேன். பயமா இருந்துதான்னு கேக்காதீங்க, என் வாழ்நாள்ல அன்னிக்கிதான் பயம்னா இன்னான்னு பார்த்தேன். பத்மாவதி அம்மா முந்தானைய கீழ வுட்டுட்டு, கையக் கூப்பிக்கினு அவங்க மந்திரத்த முணுமுணுத்துக்கினே இருந்தாங்க. சுமதி நெத்தியில மொள்ள வேர்வை வந்துது. கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்து, மேல பார்த்து, எவ்ளோ பெருசுக்கான்னுது. இன்னா பெருசுன்னு நான் கேக்கல.

சேகர் டிராக்டர்காரரோட வர்றதுக்கு ரொம்ப நேரமாயிடுச்சு. அந்தாளு தூரத்துலேருந்தே, ஏம்மா, புத்தி கீதா உங்களுக்கு, மாசமா இருக்கற பொண்ண வெச்சுக்கினு இப்டி மொட்ட வெயில்ல உக்காந்துக்கினு கீறீங்களேன்னு சத்தம் போட்டுக்கினே வந்தாரு. சேகரும் அப்டித்தான் மொறைக்கறான். அவங்க கண்ணுக்கு வெயிலுதான் தெரிஞ்சிருக்குது. ஆனா சுமதியத் தூக்கறதுக்குக் கை வெச்சவரு வெடுக்குன்னு கைய எடுத்துட்டாரு. இன்னாம்மா இது, ஒடம்பு பானைத் தண்ணியாட்டம் இருக்குதுன்னாரு. மொதல்ல டிராக்டர்ல கட்டி எங்க வண்டிய இழுங்கன்னு நான் பேச்ச மாத்தினேன். வண்டியில ஏத்தறப்ப திரும்பிப் பார்த்தேன், அந்த எடத்துல வெயிலுதான் அடிச்சுக்கினு இருந்துது.

ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் பார்த்துட்டு, கொழந்த நல்லா இருக்குது, வெயில்ல கொஞ்ச நேரம்தான் நின்னுருப்பீங்கன்னாங்க. ஆமான்னேன். பத்தாவது மாசம் பொம்பளப் புள்ள பொறந்துது, மித்ரான்னு பேரு. காது குத்துக்கு நான்தான் முன்ன நின்னு எல்லாத்தையும் பார்த்தேன். இது வரைக்கும் சந்தோஷமான கததான். இதோட முடிஞ்சிருந்தா நான் உங்களுக்கு சொல்லியிருக்கவே மாட்டேன், ஏதோ அம்மன் புண்ணியம், அவங்க தர்மம்னு போயிருப்பேன்.

போன கோடையில ஒரு நாளு பத்மாவதி அம்மா வடாம் புழிஞ்சிருந்தாங்க, உனக்கும் கொஞ்சம் எடுத்துக்கினு போடின்னு கூப்புட்டாங்க. மத்தியானம், மொட்ட மாடி. தளம் கொதிக்குது, நான் செருப்ப மாட்டிக்கினுதான் நிக்கறேன். மித்ரா, அதுக்கு அப்ப மூணு வயசு, வெறுங்காலோட நடுவுல சம்மணம் போட்டு உக்காந்து சொப்பு வெச்சு வெளையாடிக்கினு இருக்குது. ஏம்மா, கொழந்தைய இப்டியா வுடுவீங்கன்னு சத்தம் போட்டேன். அந்தம்மா, வடாத்தத் தொட்டுப் பாருன்னாங்க. பொடவை நெடுக வடாம் காஞ்சு மொறு மொறுன்னு இருக்குது. கொழந்த உக்காந்திருந்த எடத்தச் சுத்தி மட்டும் வட்டமா, புழிஞ்சப்ப இருந்த ஈரம் அப்டியே இருக்குது.

அது காயாது அமுதா, அவ எங்க உக்காந்தாலும் அங்க காயாதுன்னாங்க. எப்பலேருந்துன்னு கேட்டேன். நடக்க ஆரம்பிச்சதுலேருந்துன்னாங்க. சாதாரணமா சொன்னாங்க, கொழந்தைக்கு எடது கை பழக்கம்னு சொல்ற மாதிரி.

நான் குனிஞ்சு தரையில கைய வெச்சேன். ஜில்லுன்னு இருந்துது. நெழலு ஒண்ணும் தெரியல, என் கண்ணுக்கு வெயிலுதான். மித்ரா என்னப் பார்த்து சிரிச்சுட்டு, கொஞ்சம் நகந்து எடம் குடுத்து, இங்க உக்காரு அத்தன்னுது. நான் உக்காரல. அது அண்ணாந்து, தலை முதுகுல சாயற அளவுக்கு அண்ணாந்து பார்த்துச்சு. அத்த, இது வளந்துக்கினே போவுதுன்னுது.

நல்லா இருக்குதுங்க கொழந்த. சளின்னு ஒரு நாளு படுத்தது இல்ல. நெனச்சா சந்தோஷமாத்தான் இருக்குது, அந்தச் செடிய வெட்டாம வுட்டதுக்குக் கெடச்சதுன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் யோசன வந்துடுது, வந்துட்டா அப்பறம் சோறு எறங்க மாட்டேங்குது. வளருதுன்னு அது சொல்லுச்சு. மரம்னு இருந்து அது வளருதுன்னா, வேரு எங்கியாவது எறங்கித்தானே ஆவணும். அந்தப் புள்ள நடக்கற எடமெல்லாம் கூடவே நடக்கற மரத்துக்கு, வேரு எதுலீங்க எறங்கியிருக்கும்?