பாசித்தின் தோளும் டாக்டரின் கேள்வியும்

என் தம்பி அப்துல் பாசித் மாசாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய், அதாவது பரோட்டா, போடுகிறவன். அவன் வீசினால் மாவு விசிறி மாதிரி விரியும். சாப்பிட வந்தவர்கள் படம் பிடிக்கக் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஜொகூரில் இவனைப் போல் இன்னொருவன் இல்லை. மூத்தவள் என்ற பாசத்தில் சொல்லவில்லை. வடகோடிச் சிகாமட் வரை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவன் வலது தோளின் தசைநார் அறுந்தது ரொட்டி வீசியதால் அல்ல, மழையில் மோட்டார் சைக்கிளோடு வடிகாலுக்குள் போனதால். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது வாரம் மூன்று நாள் ஆகியும் கை நனைந்த துண்டு மாதிரி தொங்கியது. கடையில் அவனுடைய ரொட்டிக் கல்லுக்கு முன்னால் புது ஆள் நின்றான். தன் இடம் போய்விடுமோ என்று பாசித் உருகிக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஜிம் கூட்டாளி ஜீவன் வழி சொன்னான்.

"மச்சான், டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடு லா. ஆம்பளை ஹார்மோன். ஆறே வாரம், தோள் எருமை மாதிரி ஆயிடும்."

"ஏன்டா, எருமை ரொட்டி போடுமா?" என்று கேட்டேன்.

ஊசியைத் தானே கொண்டுவருவதாக ஜீவன் சொன்னான். டாக்டரைக் கேட்காமல் எதுவும் ஏறக்கூடாது என்று நான் தடுத்தேன். மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. ஆனால் எழுதி வைக்கிற பழக்கம் நிற்கவில்லை. பதினொரு கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு அவனோடு போனேன்.

டாக்டர் லோஷினி இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "ஹார்மோன் கொஞ்சம் கம்மிதான். ஆபரேஷனுக்கு அப்புறம் இறங்கும், தானா ஏறவும் செய்யும். ஊசி போட்டா தசை கூடலாம். ஆனா தச்ச இடம் சீக்கிரம் ஒட்டும்னு உறுதியா சொல்ல முடியாது."

"தசை கூடினா போதும் டாக்டர்," என்றான் பாசித்.

"சரி, ஒண்ணு கேக்கணும். பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருக்கா?"

பாசித் என்னைப் பார்த்தான். பிறகு சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தான். "இல்ல டாக்டர்."

தஸ்லிமாவைக் கட்டி நான்கு வருடம். பிள்ளைக்காக அவர்கள் போகாத கிளினிக் இல்லை. அக்கா முன்னால் அதைச் சொல்ல வெட்கமாம், முப்பத்து நான்கு வயதுத் தடியனுக்கு!

"பொய் டாக்டர்," என்று நோட்டைப் புரட்டினேன். "நாலு வருஷமா முயற்சி பண்றாங்க. போன மார்ச்ல ஒரு செக்கப், செப்டம்பர்ல ஒண்ணு."

"அலமாக், லாத்தா! அதையுமா எழுதி வச்சிருக்கீங்க?" என்று அக்காவான என்னைப் பார்த்து அலறினான் பாசித்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஊசி ஏத்தினா உடம்பு தானா ஹார்மோன் சுரக்கிறதை நிறுத்திடும். விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போயிடும். திரும்ப வர மாசக்கணக்காகும். ஊசி இல்லாட்டி பயிற்சிதான், இன்னும் நாலு அஞ்சு மாசம். முடிவு உங்களோடது."

வீடு போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே தஸ்லிமாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள்: "கல்லுக்கு முன்னால வேற ஆள் நிக்கட்டுங்க. இந்த வேலைக்கு வேற ஆள் போட முடியாது."

மறுநாள் காலை, கூட்டம் நிறைந்த கடையில், ஜீவன் ஊசிப் பொட்டலத்தை நீட்டினான்.

"வேணாம்டா," என்றான் பாசித்.

"பயமா?"

"எனக்குப் பிள்ளை வேணும்டா!"

கடையில் எல்லாத் தலைகளும் திரும்பின. புது ஆள்கூட மாவைக் கையில் பிடித்தபடி நின்றான். மூலை மேசையிலிருந்து லோரி ஓட்டுநர் ஐயாசாமி குரல் கொடுத்தார்.

"தம்பி, இவனுக்கு அரைவேக்காட்டு முட்டை நாலு போடு! பிள்ளைக்கு நல்லது!"

பாசித் நான்கையும் குடித்தான். மிளகுத்தூள் மட்டும் கொஞ்சம் கூடக் கேட்டான்.