ஒன்றுக்கு நாலு

பெயின்ட் கடையில் அவனை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு சரி. பதினாறு வருஷமாகக் கலர் கலக்குகிறான். சுவரிலிருந்து உரிந்த சில்லு ஒன்றை நீட்டினால் போதும்; வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் இரண்டு சொட்டு, அதில் அரைச் சொட்டு என்று விட்டு அச்சு அசலாக அதே நிறத்தைக் கையில் கொடுத்துவிடுவான். ஒரு டின்னுக்கு மேல் வாங்க வக்கில்லாதவர்களுக்கு, அந்த ஒரு டின்னையே பதமாக நீர்க்கவைத்து இரண்டு அறைக்குக் காணும்படி செய்வான். காட்டமான எதையும் அப்படியே பூசக் கூடாது என்பது அவனுக்கு வேதவாக்கு. நல்ல மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எரிச்சலே அதுதான்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் கன்னத்தில் சிவப்பாக ஆரம்பித்த கரப்பான், கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று இறங்கியது. தோல் வெடித்து நீர் கசிந்தது. தூங்கி எழுந்தால் கன்னம் துணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரப் பஞ்சு வைத்து ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். சொறியாமல் இருக்கக் கைகளில் சாக்ஸ் மாட்டினார்கள். பிள்ளை தன் தோளிலேயே முகத்தைத் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரவழைத்துக்கொண்டது. கண்கொண்டு பார்க்க முடியாது.

தோல் டாக்டரம்மா இரண்டு மருந்து கொடுத்தார். பெரிய டப்பாவில் வெள்ளைக் கிரீம், தோல் காயாமல் இருக்க உடம்பு முழுக்க. சின்ன ட்யூபில் களிம்பு, சிவந்த இடத்தில் மட்டும், நாளைக்கு இரண்டு வேளை. குளிப்பாட்டி மருந்து போடுவது சொட்டின் பொறுப்பாயிற்று. அந்த நேரத்தில் பிள்ளை வீறிடுவதை அவன் மனைவியால் தாங்க முடியாது. கதவுக்கு வெளியே காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

இரண்டாம் நாளே அவனுடைய அக்கா போன் செய்தாள்.

"என்ன மருந்துடா குடுத்திருக்காங்க? ஸ்டீராய்டா? அய்யய்யோ! தோலு வெங்காயச் சருகாட்டம் ஆயிடும்டா. பச்சப் புள்ளைக்குப் போய் அதப் போடுவாங்களா?"

"டாக்டர் சொல்லித்தானேக்கா…"

"அவங்களுக்கென்ன, எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. நாளைக்குப் பொண்ணு முகத்தப் பாத்து அழப்போறது நீதான்."

டாக்டரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுக்குத்தான் கைவசம் ஒரு வித்தை இருந்ததே! கடையிலிருந்து, பெயின்ட் குழைக்கிற புதுத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து வெந்நீரில் கழுவினான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பங்கு களிம்புக்கு நாலு பங்கு வெள்ளைக் கிரீம் என்று கிண்ணத்தில் வைத்துக் குழைத்தான். கட்டியில்லை, திட்டில்லை, பார்த்தால் கடைச் சரக்கு என்றே சொல்வார்கள். மருந்துக்கு மருந்தும் ஆயிற்று, தோலும் பிழைத்தது என்று நிம்மதியாக மூச்சுவிட்டான். அவளுக்கு இருக்கிற கவலை போதாதா என்று மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

நீர்த்த களிம்பு என்ன செய்யும்? இரண்டு நாள் சிவப்பு மங்கும், மூன்றாம் நாள் முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பும். மருந்து கேட்கவில்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும் அல்லவா? அதையும் அக்காவே கண்டுபிடித்தாள். தாய்ப்பால்தான் காரணம், தாய் தின்பதெல்லாம் பாலில் இறங்குகிறது என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தாள் அவன் மனைவி. முதலில் முட்டையை விட்டாள். பிறகு மீன், பால், தயிர், கடலை, கோதுமை. கடைசியில் வெறும் சோறும் உப்புப் போட்டு வேகவைத்த காயும் மிஞ்சின. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று பேச்சுக்குச் சொல்வோம். அவள் நிஜமாகவே கட்டினாள். இரண்டே மாதத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் தயிராவது ஊத்திக்கம்மா" என்பான் அவன்.

"வேணாங்க. என்னாலதான அது இந்தப் பாடு படுது."

சொல்லியிருக்க வேண்டாமா, அட பாவி மனுஷா! வாய் வரைக்கும் வந்தது அவனுக்கு. ஆனால் என்னவென்று சொல்வது? தோல் மெலியாமல் காப்பாற்றுகிறோம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பாலுக்குப் பதிலாகப் புட்டியில் பால்மாவு கரைத்துக் கொடுத்தாள். கரப்பான் அப்படியேதான் இருந்தது.

ஆறாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்துப் புண்ணில் மஞ்சள் பொருக்கு கட்டி, நாற்றம் வந்தது. அள்ளிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், பிள்ளையின் எடையைப் பார்த்தார், முகம் கறுத்துப்போனார்.

"புண்ணுல கிருமி பிடிச்சிருக்கு. அதுக்கு மருந்து தர்றேன். ஆனா கரப்பான் களிம்புக்குக் கேக்கவே மாட்டேங்குது. இனிமே உள்ளுக்கு மருந்து குடுக்கணும். கடுமையான மருந்து, மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாக்கணும்." பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "களிம்ப நான் சொன்னபடிதான போட்டீங்க?"

அவன் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர். நானாவது அசந்து தூங்கிடுவேன். இவரு ஒரு நாள் தவறினதில்ல. இவரு கையாலதான் போடுவாரு."

டாக்டரம்மாவின் பேனா தாளில் இறங்கியது.

"டாக்டர்" என்றான். "நான் அத அப்படியே போடல. கலந்துதான் போட்டேன். ஒண்ணுக்கு நாலு."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுதியதை அடித்துவிட்டு, "இத ஆறு மாசக் கொழந்தைக்கு எழுத இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் களிம்பைச் சொன்ன அளவில் சொன்ன நாள் வரைக்கும் போட்டால் தோல் ஒன்றும் கரைந்துவிடாது என்று நிதானமாக விளக்கினார். பிறகு அவன் மனைவியின் பக்கம் திரும்பி, "நீங்க எல்லாம் சாப்பிடுங்கம்மா" என்றார்.

கிருமிக்குக் கொடுத்த மருந்தில் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அன்று முதல் களிம்பை அவளே போட்டாள், ட்யூபிலிருந்து நேராக. பிள்ளை வீறிட்டது. அவள் காதைப் பொத்தவில்லை. ஐந்தே நாள். கன்னத்தில் சிவப்பு அடங்கி, முழங்கை மடிப்பில் புதுத் தோல் வந்தது. சாக்ஸைக் கழற்றியதும் பிள்ளை தன் விரல்களை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சொட்டு அறை வாசலில் நின்று பார்த்தான். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், அந்த ஐந்து நாளையும் ஒவ்வொன்றாக விழுங்கினான்.

ஆறாம் நாள் சாயங்காலம் அவள் முட்டை சாப்பிட்டாள், ஒரு டம்ளர் பால் குடித்தாள். பிள்ளையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். அது ஆவலோடு பற்றி இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. ஒன்றும் வரவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு கதறியது. இந்தப் பக்கம் மாற்றிப் போட்டாள், அந்தப் பக்கம் மாற்றிப் போட்டாள். அவள் கண்ணிலிருந்து வழிந்தது புதுத் தோல் மேலேயே விழுந்தது. உப்பு பட்டு எரியுமே என்று பதறி முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

அவன் மெல்ல அடுப்படிப் பக்கம் நகர்ந்தான். "நான் புட்டி கலந்து கொண்டுவரட்டுமா?"

அவள் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு, அழுகிற பிள்ளையோடு எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"ம், கலங்க" என்றாள். "நான் பாத்துட்டிருக்கும்போதே கலங்க."