அக்காவின் கண் தெளிந்த பிறகு

அன்று காலை அக்காவின் கணவர், எங்கள் மாமா இருந்தார். அக்காவின் மகள் செல்வி இருந்தாள். பக்கத்து வீட்டு மும்தாஜ் அம்மா இருந்தார். ஆட்டோக்கார பாய் இருந்தார். தம்பி நான் இருந்தேன். நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் தெருவரை கேட்டது.

அக்கா சேத்தியாத்தோப்புப் பக்கம் பிறந்தார். எங்கள் தாய் சீக்கிரம் காலமானார். எனக்குச் சோறு போட்டது அக்காதான். கல்யாணமாகி விருத்தாசலம் வந்தார். பீங்கான் கம்பெனியில் பிசிறு எடுக்கும் வேலை. வார்த்த சாமானின் ஓரத்தை வழித்துச் சீராக்க வேண்டும். கண் நன்றாக இருந்தால்தான் அந்த வேலை. அந்தச் சம்பளத்தில்தான் செல்வி நர்சிங் படித்தாள்.

முதலில் காது சிவந்து வீங்கியது. தோடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கழற்றி வைத்தார். வீக்கம் தானாக வடிந்தது. அடுத்து கண் சிவந்தது. மண் தூசி என்றோம். வலி தாங்காமல் அக்கா தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார்.

பாண்டிச்சேரியில் கண் டாக்டரம்மா பார்த்தார். காது எப்போதாவது வீங்கியதா என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

“காது மாதிரி இடத்துல இருக்கிற குருத்தெலும்ப உடம்பே அரிக்கிற நோவு இது. கண்ணுல காட்டுது, அவ்ளோதான். சொட்டு மருந்து கண்ணுக்கு, மாத்திரை உடம்புக்கு. கண்ணு நல்லாயிட்டாலும் மாத்திரைய நிறுத்தாதீங்க. குரல் கம்முனா அன்னிக்கே வந்துடுங்க” என்றார்.

கண் தெளிந்தது. அக்கா வேலைக்குப் போனார். மாத்திரையால் முகம் ஊதியது.

“கண்ணுதான் நல்லாயிட்டுதே. சொட்டு ஊத்திக்கிறேன், போதும்டா” என்றார்.

மாத்திரையை விட்டார். தினமும் காலையில் நாங்கள் கண்ணைத்தான் பார்த்தோம். சிவப்பு இல்லை.

பிறகு குரல் கம்மியது. கம்பெனியில் ஒரு பெண் கேலி செய்தாள்.

“என்னாக்கா, மேஸ்திரி குரலு வந்துட்டுது?”

“ஆமாண்டி, மேஸ்திரி சம்பளமும் குடுக்கச் சொல்லு.”

அக்காவும் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. அதற்கப்புறம் மாடிப்படியில் நின்று நின்று ஏறினார்.

“டாக்டரம்மா சொன்னாங்களேம்மா. வா, போயிட்டு வந்துடலாம்” என்றாள் செல்வி.

“ஒன் பரீச்ச முடியட்டும்டி. கண்ணுல ஒண்ணுமில்ல, பாரு” என்று இமையை விரித்துக் காட்டினார்.

பரீட்சைக்கு முன்னால் அந்தக் காலை வந்தது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மூச்சு இல்லை. மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பும் அரித்துப்போய், குழாய் உள்ளே அமுங்கிவிட்டது என்றார்கள்.

வண்டியைப் பறக்க விட்ட பாய்க்கும், செல்வியைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்ட மும்தாஜ் அம்மாவுக்கும், வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற கம்பெனிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது காதும் கண்ணும் மாறி மாறிச் சிவந்தால், கண் தெளிந்ததும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

செல்வி பரீட்சை எழுதினாள்.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று.