சுண்ணாம்பு வாளியோடு ஒரு நடை

எங்கள் சாண்டோரினித் தீவில், மலை விளிம்பில் இருக்கும் ஒரு விடுதியில், பத்தொன்பது கோடைகளாக அறை துடைக்கிறாள் ஆர்கிரோ. தேனிலவு ஜோடிகளின் படுக்கையில் ரோஜா இதழ் தூவுவதும் அவள்தான், மறுநாள் அதைப் பெருக்குவதும் அவள்தான். கணவன் யாகுமிஸ் சரக்குக் கப்பலில் சமையற்காரன். கோடையில் இவளுக்கு ஓய்வில்லை. குளிர்காலத்தில் அவன் ஊரில் இல்லை. உலகமே ஜோடி ஜோடியாக வந்து நடக்கும் எரிமலை விளிம்பில், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் இவர்கள் சேர்ந்து ஒருநாள்கூட நடந்ததில்லை.

இந்த வசந்தத்தில் அவன் கப்பல் வேலையை விட்டான். விளிம்புப் பாதை முடிகிற முனையில் உள்ள மாதா கோயில் படியில் அவனோடு உட்கார்ந்து, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஆர்கிரோவின் ஆசை அவ்வளவுதான்.

அந்தப் பாதையின் குறுக்கே அவள் வேலை பார்க்கும் விடுதியே சங்கிலி கட்டியிருந்தது. 'தங்குவோருக்கு மட்டும்' என்று ஒரு பலகை வேறு. நகராட்சி வரைபடத்தில் அது பொதுவழி. அவள் பக்கத்து வீட்டுக்காரனான நான் மூன்று வருடத்தில் நகராட்சிக்கு மூன்று மனு எழுதினேன். பதிலே இல்லை. பிரார்த்தனை செய்கிறவனுக்காவது மேலே ஒருவர் கேட்கிறார் என்ற ஆறுதல் உண்டு. மனு எழுதுகிறவனுக்கு அதுவும் கிடையாது.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். அதற்கு முந்தின வாரம், பாதைக் கற்களின் இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு பூசுவது எங்கள் வழக்கம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வெள்ளைக் கோடு போகிற இடமெல்லாம் ஊர் நடக்கிற இடம். மூன்று வருடமாக அந்தக் கோடு சங்கிலியோடு நின்றுபோயிருந்தது.

தன் விடுமுறை நாளில் ஆர்கிரோ ஒரு வாளி, இரண்டு மட்டை, ஒரு கணவன் சகிதம் கிளம்பினாள். நான் தண்ணீர் சுமந்தேன்.

"நடக்கக் கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்ன?" என்றான் யாகுமிஸ்.

"நடந்துக்கிட்டேதானே பூசுறோம்? குனி. உலகத்தைச் சுத்தின முதுகு உள்ளூர்ல வளையாதோ?"

"சிங்கப்பூர்ல என்னை சார்னு கூப்பிட்டாங்க, தெரியுமா?"

"கிழிச்சாங்க. அந்த இடுக்கை விட்டுட்ட பாரு, சார்."

சாயங்காலம் சங்கிலியை எட்டினோம். விடுதி மேலாளர் தானாயி ஓடி வந்தாள். ஏதென்ஸில் வளர்ந்த பெண், எங்கள் வழக்கம் அறியாதவள். சட்டப் பிரிவு என் நாக்கு நுனியில் நின்றது. ஆர்கிரோ என் காலை மிதித்தாள்.

"ஆர்கிரோம்மா, அசையாதீங்க!" தானாயி கைப்பேசியைத் தூக்கினாள். "என்ன அழகு! விருந்தாளிங்க எல்லாம் மாடியில நின்னு படம் எடுக்கிறாங்க. நம்ம பக்கமும் பூசுவீங்களா?"

"பூசலாம்மா. இந்தச் சங்கிலிதான் வாளியில இடிக்குது."

தானாயி தன் கையாலேயே கழற்றினாள். "கோயில் வரைக்குமா?"

"பாதியில நின்னா படத்துக்கு நல்லா இருக்காதே."

கோயில் படிக்கு வந்தபோது சூரியன் கடலைத் தொட இரண்டு விரற்கடை இருந்தது. சுண்ணாம்பு படிந்த கைகளோடு இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் ரொட்டியும் தக்காளி வடையும் எடுத்து வைத்தாள்.

"எப்படி?" என்றாள்.

"நடுக்கடல்ல இதைவிடப் பெரிய சூரியனெல்லாம் பார்த்திருக்கேன்." கொஞ்ச நேரம் மென்றான். "ஆனா அங்க திட்டுறதுக்கு ஆளில்லை."

நான் காலி வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

திருநாளன்று ஊரே அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தது. கழற்றிய சங்கிலியைப் பிடித்தபடி தானாயி வாசலில் நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஆர்கிரோம்மா, இப்படி ஆகும்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூணு வருஷமா இவர் எழுதி எழுதிச் சொன்னாரே, யாரு படிச்சா?" என்று என்னைக் காட்டினாள் ஆர்கிரோ. "அதைக் கீழ வெச்சுட்டு வா, பொண்ணே. கோயில்ல பருப்பு மசியல் ஆறிடும்."

தானாயி சங்கிலியையும் பார்த்தாள், போகிற கூட்டத்தையும் பார்த்தாள். பிறகு அதை ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு எங்களோடு நடந்தாள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.